பிஜித் தீவுக்குப் புறப்படுமுன்



தொலைவிலுள்ள தீவு ஒன்றுக்குப் பயணம் போகிறவர் இருவகை ஆயத்தங்களைச் செய்துகொள்ள வேண்டும். பெட்டியை ஆயத்தப்படுத்துவது ஒன்று. மனத்தை ஆயத்தப்படுத்துவது மற்றொன்று. முதலாவதைப் பற்றிச் சொல்வதற்குப் பயண முகவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிச் சொல்வோர் குறைவு. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வாழும் தமிழர்களும், இவ்வூர்களிலிருந்து வேறு மாநிலங்களுக்குச் சென்று வாழ்வோரும், பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுக்குச் செல்ல நேர்ந்தால் என்னென்ன ஆயத்தங்கள் வேண்டும் என்பதை இன்று காண்போம். இரண்டு வகையையும் சேர்த்தே சொல்ல எண்ணுகிறேன்.

உலகில் எத்தனையோ தீவுகள் இருக்கப் பிஜியை ஏன் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் நம் சித்தூர்ச் சீமையிலிருந்து அத்தீவுக்கு மக்கள் கப்பலேறிச் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுள் சிலர் தம் முன்னோரின் ஊரைத் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆகவே அத்தீவுக்குச் செல்லும் நம்மவர் வெறும் உல்லாசப் பயணியாக மட்டும் இருக்க முடியாது. ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று அங்கே ஒருவர் கேட்கும்போது நாம் சொல்லும் விடை, அவருக்கு ஒரு குடும்பத்தின் வரலாற்றையே திறந்துவிடக் கூடும்.

முதலில் தீவைப் பற்றிச் சில செய்திகள். பிஜி என்பது ஒரே தீவன்று. முந்நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளின் கூட்டம் அது. அவற்றுள் ஏறத்தாழ நூற்றுப்பத்துத் தீவுகளிலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். வீட்டி லெவு, வனுவா லெவு என்பவை இரண்டும் பெரியவை. தலைநகரான சுவா வீட்டி லெவுவின் தென்கிழக்கில் இருக்கிறது. பன்னாட்டு விமான நிலையம் மேற்கிலுள்ள நாண்டியில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 9 இலட்சம். 1874ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட அந்நாடு 1970ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் விடுதலை பெற்றது.

பிஜி பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்கு மாறானவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் மிகுதி. புயல் வீசும் காலமும் அதுவே. மே முதல் அக்டோபர் வரை வானம் தெளிந்து காற்று இதமாக இருக்கும். நம் ஊரில் கத்திரி வெயில் காயும்போது அங்கே குளிர்ச்சி தொடங்கிவிடும். தீவின் கிழக்குப் பக்கத்தில் மழை அதிகம். மேற்குப் பக்கம் வறண்டது. ஆகவே சுவாவுக்குச் செல்வோர் எந்த மாதமாயினும் குடையை மறக்கலாகாது. நேரமும் நமக்கு ஆறரை மணி முந்தியது. சித்தூரில் காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சும்போது நாண்டியில் பகல் பன்னிரண்டரை ஆகியிருக்கும். வீட்டுக்குத் தொலைபேசியில் பேச நினைப்போர் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நம்மவர் முன்பு அத்தீவுக்குச் சென்ற கதையைப் பார்ப்போம். அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி, பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் ஒப்பந்தக் கூலிமுறையை ஏற்படுத்தினார்கள். மொரீசியசில் 1834ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த முறை, பிஜிக்கு 1879ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு மே மாதம் 14ஆம் நாள் ‘லியோனிடாஸ்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஆள் அனுப்புவது 1903ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1916ஆம் ஆண்டு நவம்பரில் ‘சட்லெஜ்’ என்னும் கப்பல் இறுதிக் கூட்டத்தை இறக்கியது. அதுவரை பிஜிக்குச் சென்றோர் அறுபதினாயிரத்துக்கு மேல். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து மிகுதியாக ஆள் சென்ற மாவட்டங்களுள் வட ஆர்க்காடு ஒன்று. அந்த வட ஆர்க்காட்டுக்குள் அன்று சித்தூரும் திருப்பதியும் அடங்கியிருந்தன.

அவர்கள் செய்துகொண்ட ஆயத்தம் எத்தகையது? உண்மையில் அவர்கள் ஆயத்தம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் ஆயத்தம் செய்யப்பட்டார்கள் என்பதே பொருந்தும். உரிமம் பெற்ற ஆள்பிடிப்போர் ஊர்ச் சந்தையிலும், சத்திரத்திலும், யாத்திரை வழியிலும் ஆட்களைச் சந்தித்துப் பேசுவார்கள். தலைக்கு இத்தனை என்று அவர்களுக்குக் கூலி உண்டு. இசைந்தவர் அதிகாரியின் முன்னிலையில் பதிவு செய்யப்படுவார். பின்னர் சென்னையிலிருந்த டிப்போவில் கப்பல் வரும்வரை தங்கவைக்கப்படுவார். அங்கே மருத்துவர் உடலைச் சோதிப்பார். எழுத்தறியாதவர் ஒப்பந்தத்தில் பெருவிரல் ரேகையை வைப்பார். பிஜி எத்திசையில் இருக்கிறது, எத்தனை நாள் கடலில் போக வேண்டும் என்பவற்றை அறியாமலே ரேகை வைத்தவர் பலர். ‘அக்ரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே அம்மக்களின் நாவில் ‘கிர்மிட்’ என்றாயிற்று. அந்த முறைக்கும், அதற்குட்பட்ட வாழ்வுக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தவை இவை: ஐந்தாண்டு வேலை, வாரத்தில் ஐந்து நாள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம், வேலைப்பங்கு முழுவதையும் முடித்தால் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்டிருக்கு ஒன்பது பென்ஸ், பத்தாண்டு முடிந்தபின் திரும்பி வரக் கப்பல் செலவு இலவசம். ஏட்டில் இது முறையாகவே தோன்றும். ஆனால் குறித்த வேலைப்பங்கை முடிக்க முடியாதவருக்குக் கூலி குறைந்தது. வேலைக்கு வராதவர் குற்றவாளியாக நீதிமன்றம் ஏறினார். வரிசை வீடுகளில் சிறு சிறு அறைகளில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்ற கணக்கில் அனுப்பப்பட்டதால் பெண்டிர் பட்ட துன்பம் சொல்லி மாளாது. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் படும் பாட்டைக் கேட்டு மனம் நொந்து மகாகவி பாரதியார் பாடியிருப்பதை நேயர்கள் அறிவீர்கள்.

1915ஆம் ஆண்டில் சி. எப். ஆண்ட்ரூசும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் பிஜிக்குச் சென்று நேரில் ஆராய்ந்து அறிக்கை அளித்தார்கள். நாடெங்கும் கிளர்ச்சி ஓங்கியது. 1917ஆம் ஆண்டில் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1920ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. சென்றவர்களுள் ஒரு பகுதியினர் நாடு திரும்பினர். பெரும்பாலோர் அங்கேயே நிலம் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டுத் தங்கிவிட்டனர். லியோனிடாஸ் வந்து சேர்ந்த மே 14ஆம் நாளை ஒட்டிய நினைவு விழாவுக்கு 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு பொது விடுமுறை அளித்தது.

இதையெல்லாம் பயண ஆயத்தம் என்ற தலைப்பில் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பழைய ஆயத்தத்தின் ஒரே ஒரு காகிதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதுதான் குடியேற்றச் சீட்டு. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. அதில் கப்பலின் பெயர், டிப்போ எண், ஆளின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள அங்க அடையாளம், நெருங்கிய உறவினர் பெயர் ஆகியவற்றோடு, ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற மூன்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஆளை அடையாளம் காட்டுவதற்காகவும், ஓடிப்போனால் பிடிப்பதற்காகவும் எழுதிய காகிதம் அது. ஆனால் இன்று அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பூர்விகப் பத்திரமாக விளங்குகிறது. சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இச்சீட்டுகளைப் பாதுகாத்து வருகிறார்கள்.

இங்கேதான் நம்மவருடைய உதவி தேவைப்படுகிறது. ஒரு சீட்டில் ‘வட ஆர்க்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா’ என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். பிஜியில் வாழும் அந்தக் குடும்பத்தார் இன்றைய வரைபடத்தை விரித்து வட ஆர்க்காட்டைத் தேடினால் என்ன ஆகும்? அந்தப் பெயரில் இன்று மாவட்டமே இல்லை. ஆர்க்காடு என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவார்கள். வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் அலைவார்கள். தம் பாட்டனின் கிராமத்தைக் காணாமலே திரும்புவார்கள். ஏனெனில் அந்தக் கிராமம் ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கச் சில ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். 1911ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று, வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி தாலுகாக்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும், புங்கனூர், காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் முதலிய ஜமீன் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. வட ஆர்க்காட்டின் தலைநகர் வேலூருக்கு மாறியது. திருப்பதி அப்போது சந்திரகிரி தாலுகாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே 1908ஆம் ஆண்டில் கப்பலேறிய அண்ணனின் சீட்டில் ‘வட ஆர்க்காடு’ என்றும், 1913ஆம் ஆண்டில் கப்பலேறிய தம்பியின் சீட்டில் ‘சித்தூர்’ என்றும் இருக்கலாம். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தும் காகிதத்தில் வேறு வேறு ஜில்லாக்காரர்களாகி விடுவார்கள்.

அடுத்து 1953ஆம் ஆண்டு. ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. வடக்கெல்லைக் கிளர்ச்சியும், அதன்பின் பட்டாஸ்கர் குழுவின் பரிந்துரையும் நேயர்கள் அறிந்தவை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நிலைத்தன. எனவே சீட்டில் ‘சித்தூர் ஜில்லா’ என்று கண்ட கிராமம் இன்று தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கவும் கூடும். இறுதியாக 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தது. நான்கு முறை எல்லைக்கோடு நகர்ந்திருக்கிறது. கிராமமோ ஓர் அங்குலமும் நகரவில்லை.

பெயரின் எழுத்துக்களிலும் சிக்கல் உண்டு. ஒரே ஊருக்குத் தமிழில் ஒரு பெயரும் தெலுங்கில் ஒரு பெயரும் வழங்குவது நம் பகுதியின் இயல்பு. தமிழர் ‘பட்டி’, ‘பாளையம்’ என்பதைத் தெலுங்கர் ‘பல்லெ’, ‘பாலெம்’ என்பார்கள். இரண்டில் ஒன்றைக் காதால் கேட்டு, டிப்போ எழுத்தர் தமக்குத் தோன்றிய ஆங்கில எழுத்துக்களில் எழுதினார். அதைப் படித்துப் பிஜியில் பிறந்தவர்கள் தங்களுக்குத் தோன்றியவாறு ஒலிக்கிறார்கள். அவ்வொலியிலிருந்து மூலப் பெயரைக் கண்டுபிடிக்கத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே அறிந்தவரால்தான் இயலும். அத்தகையவர் சித்தூர்த் தமிழரை விட வேறு யார்?

ஆதலால் பிஜிக்குப் புறப்படுவோர் செய்ய வேண்டிய முதல் ஆயத்தம் இது. உங்கள் தாலுகாவின் பழைய வரைபடம் ஒன்றையும், கிராமங்களின் பெயர்ப் பட்டியலையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தமிழ் வழக்கையும் தெலுங்கு வழக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு முதியவர்களிடம், ‘நம் வம்சத்தில் யாரேனும் தீவுக்குப் போய்த் திரும்பாமல் இருந்ததுண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், உத்தேசமான ஆண்டு ஆகிய மூன்றும் கிடைத்தால் அவற்றை எழுதி முன்கூட்டியே சுவாக் காப்பகத்துக்கு விண்ணப்பித்துக்கொள்ளலாம். போய் இறங்கியபின் தேடத் தொடங்கினால் விடுமுறை நாட்கள் காப்பக வாயிலிலேயே கழிந்துவிடும்.

இரண்டாவது, பயண முறைகள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமேனும் காலம் எஞ்சியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து பிஜிக்கு நேர் விமானம் இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ, வேறு நகர்கள் வழியாகவோதான் செல்ல வேண்டும். இடையில் மாறும் நாடு எதுவோ அந்நாட்டின் அனுமதி வேண்டுமா என்பதை, சீட்டு வாங்குமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பலர் சென்று சேரும் நாட்டின் விதிகளை மட்டும் பார்த்துவிட்டு, வழியிலுள்ள நாட்டின் விதிகளை மறந்துவிடுகிறார்கள். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. ஆகவே புதுதில்லியிலுள்ள பிஜித் தூதரகத்திடம் நேரே கேட்பதே நலம்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, பிஜியில் மலேரியா இல்லை. ஆனால் கொசுவால் பரவும் டெங்கு உண்டு. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் டைபாய்டும் தலைகாட்டுவதுண்டு. நீர்விழ்ச்சியைக் கண்டதும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கலாகாது. நாள்தோறும் உண்ணும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரத்தின் அளவு நம் நாட்டைப் போன்றதே. ஆயினும் சொருகுமுனை ஆஸ்திரேலிய முறைப்படி சாய்ந்த தகடுகள் உடையது. அதற்கு ஏற்ற இணைப்பான் ஒன்று வேண்டும்.

மூன்றாவது, பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பது. இங்கே நம் பகுதியினர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தீவு நாடுகள் புறத்திலிருந்து பூச்சியும் பயிர்நோயும் வந்துவிடலாகாது என்று கடுங்காவல் செய்கின்றன. கரும்பையும் கிழங்கையும் நம்பி வாழும் நாட்டுக்கு அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே விதை, செடி, பழம், பால்பொருள், தேன், இறைச்சி ஆகியவற்றை இறங்கும்போது நிரப்பும் படிவத்தில் கட்டாயம் அறிவித்தாக வேண்டும். சித்தூர் மாம்பழத்தை எவ்வளவு ஆசையோடு பொதிந்தாலும் அது விமான நிலையத்தைத் தாண்டாது. துளசி விதையும் அப்படியே.

திருப்பதி லட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தீவிலுள்ள அன்பர்களுக்குப் பிரசாதம் கொண்டு போக வேண்டும் என்று எண்ணாதவர் யார்? ஆனால் லட்டில் நெய் இருக்கிறது. முந்திரியும் திராட்சையும் ஏலமும் இருக்கின்றன. அறிவிக்காமல் மறைத்துக் கொண்டு போனால் அபராதம் கட்ட நேரிடும். அறிவித்தால் அதிகாரி பார்த்து முடிவு செய்வார். எடுத்துக்கொண்டாலும் மனத்தாங்கல் கொள்ளலாகாது. பிரசாதத்தை இழப்பதைவிட, பிரசாதத்துக்காகப் பொய் கூறுவது பெரிய இழப்பன்றோ?

அவ்வாறே செம்மரப் பொம்மை. திருப்பதிக் கடைவீதியில் அழகிய மரப்பாச்சிகள் கிடைக்கும். சேஷாசலக் காடுகளில் விளையும் செம்மரம் பன்னாட்டு உடன்படிக்கையால் காக்கப்படும் மரவகை. உரிய அனுமதி இன்றி அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. வேறு மரத்தில் செய்த பொருளையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் கொண்டு போவது? காளஹஸ்தியின் கலம்காரித் துணியைக் கொண்டு போகலாம். மூங்கில் எழுதுகோலால் இயற்கைச் சாயங்களில் இராமாயணமும் பாரதமும் எழுதிய அத்துணி மடித்தால் கையளவு, விரித்தால் சுவரளவு. பித்தளைக் குத்துவிளக்கு கொண்டு போகலாம். குழந்தைகளுக்கான தமிழ் அரிச்சுவடிகள் கொண்டு போகலாம். எல்லாவற்றினும் மேலாக, உங்கள் பகுதிக் கிராமங்களின் புகைப்படங்களைக் கொண்டு போங்கள். ஏரிக்கரை, அரசமரம், திரௌபதியம்மன் கோயில், ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை ஆகியவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். முன்னோரின் ஊரைச் சொல்லால் மட்டும் அறிந்தவருக்கு அதைவிடச் சிறந்த பரிசு இல்லை.

நான்காவது, மனத்தின் ஆயத்தம். அங்கே முருகன் கோயில் இருக்கிறது என்று கேட்டதும், எல்லாரும் தமிழில் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துச் செல்லலாகாது. நாண்டியிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணத்தில் எழுந்து 1994ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. சுவாவில் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடைபெறுகிறது. சித்தூர்ப் பகுதியில் திரௌபதியம்மன் தீமிதியைக் கண்டு வளர்ந்தவருக்கு அக்காட்சி சொந்த ஊரை நினைவூட்டும். ஆனால் அங்கே தீ மிதிக்கும் இளைஞரிடம் தமிழில் பேசினால் அவர் பெரும்பாலும் பிஜி இந்தியிலேயே விடையளிப்பார்.

இதைக் கண்டு ‘தாய்மொழியை விட்டுவிட்டீர்களே’ என்று கேட்டுவிடலாகாது. வட இந்தியரே பெரும்பான்மையாக இருந்த தோட்டங்களில் பிந்தி வந்து சேர்ந்த தென்னிந்தியர் சிறுபான்மையர். தமிழர், தெலுங்கர், மலையாளி என்ற வேறுபாடு இன்றி எல்லாரையும் ‘மதராஸி’ என்றே அழைத்தார்கள். வரிசை வீட்டில் அண்டை அயலாரோடு பேசுவதற்கு இந்தி வேண்டியிருந்தது. பள்ளியில் ஆங்கிலம் வேண்டியிருந்தது. அந்நிலையிலும் 1926ஆம் ஆண்டில் சாது குப்புசாமி என்பவர் தலைமையில் ‘தென் இந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்’ தோன்றிற்று. அச்சங்கம் பள்ளிகளை நிறுவித் தமிழும் தெலுங்கும் கற்பிக்க முயன்றது. சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று 1937ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மடத்துத் துறவி அவிநாசானந்தர் அங்கு சென்றார். ஈஸ்டர் விடுமுறையில் சங்கம் நடத்தும் மாநாடு, தீவெங்கும் உள்ள தென்னிந்தியக் குடும்பங்கள் கூடும் நாளாகும். பயணத்தை அந்நாளை ஒட்டி அமைத்துக்கொண்டால் ஓரிடத்திலேயே பலரைக் காணலாம்.

வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த நிலை புரியாததன்று. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மூன்று நாவோடு வாழ்பவர்கள் நாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதையும் அறிவோம். ரயிலேறினால் ஓரிரவில் சொந்த ஊரைக் காணக்கூடிய நமக்கே மொழியைக் காப்பது இத்தனை அரிது என்றால், வாரக்கணக்கில் கடல் கடந்தவர்கள் மாரியம்மனையும் காவடியையும் காத்து வைத்திருப்பதைப் பெருஞ்செயல் என்றே கொள்ள வேண்டும்.

அந்நாட்டின் பூர்விகக் குடிகளையும் மறக்கலாகாது. இதௌக்கெய் எனப்படும் அம்மக்களின் நாடு அது. நிலத்தின் பெரும்பகுதி அவர்களுடைய குலங்களுக்கு உரியது. அவர்களுடைய கிராமத்துக்குள் செல்லும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். குழந்தையாயினும் தலையைத் தொடலாகாது. ‘யங்கோனா’ என்னும் வேரை ஊர்த் தலைவருக்குக் காணிக்கையாக வைத்து அனுமதி பெறுவது மரபு. ‘புலா’ என்றால் வணக்கம். ‘வினாக்கா’ என்றால் நன்றி. இவ்விரு சொற்களை அறிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். 1987, 2000ஆம் ஆண்டுகளில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புகளால் இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் குடிபெயர்ந்தனர். அந்தப் புண்ணை விருந்தாளி கிளறலாகாது. அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிஜியில் ஒருவர் தம் முன்னோரின் சீட்டை உங்கள் கையில் கொடுத்து, ‘இந்த ஊரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா?’ என்று கேட்கலாம். அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. முனிசாமி மகன் சின்னசாமி என்ற பெயருடையோர் தாலுகா தோறும் உண்டு. சீட்டைப் படி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊரை உறுதி செய்தபின், அங்குள்ள உறவினரிடம் நிதானமாகச் செய்தியைச் சொல்லுங்கள். நூறாண்டு கழித்து ஒருவர் வந்து ‘நான் உங்கள் பங்காளி’ என்றால், நிலத்தில் பங்கு கேட்க வந்தாரோ என்ற ஐயம் எழுவது மனித இயல்பு. வருகிறவர் கேட்பது ஒரு பிடி மண்ணை அன்றி ஒரு காணி நிலத்தை அன்று என்பதை இரு பக்கத்தாருக்கும் எடுத்துச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடுவர் பொறுப்பு உங்களுடையதாகும்.

அன்று நம் ஊரிலிருந்து சென்றவர் எங்கே போகிறோம் என்பதை அறியாமல் சென்றார். அவருடைய பேரர் எங்கிருந்து வந்தோம் என்பதை அறியாமல் இருக்கிறார். நாமோ இரண்டையும் அறிந்துகொண்டு புறப்பட முடியும். பாஸ்போர்ட், மருந்து, குடை, இணைப்பான் ஆகியவற்றோடு, பழைய தாலுகாவின் கிராமப் பட்டியல் ஒன்றையும் பெட்டியில் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எடை இல்லை. எந்தச் சுங்க அதிகாரியும் அதைத் தடுக்க மாட்டார். ஆனால் தீவின் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், மூன்று தலைமுறையாகக் காத்திருக்கும் ஒரு கேள்விக்கு அதில் விடை இருக்கக் கூடும்.

பயணம் இனிதாகுக.